எண்பத்து நான்கு பேருக்கு ஐம்பத்திரண்டு வீடு

நம் சென்னை அலுவலகத்துக்குள் நுழைந்ததும் இடது கைப் பக்கச் சுவர் முழுக்கப் புகைப்படங்கள் இருக்கும். படகுத்துறை, நூலகம், இரண்டு மருத்துவமனைகள், பாலைவனத்தில் ஒரு பல்கலைக்கழகம். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களை அந்தச் சுவரின் முன்னால் நிறுத்தி நிறுவனத்தின் வரலாற்றைச் சொல்வது பல வருஷம் என் பொறுப்பாக இருந்தது. ஓய்வு பெற்ற பிறகு அதையே எழுதிக் கொடுங்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். சொன்னதையே எழுத எனக்குச் சலிப்பாக இருக்கிறது. அந்தச் சுவரில் படமாகத் தொங்காத ஒரு வேலையைப் பற்றி எழுதுகிறேன். நெய்வேலிக்கு வெளியே, வடலூர் ரோட்டில், ஒரு முந்திரித் தோப்பை ஒட்டி நிற்கிற குடியிருப்பு அது. உங்களில் பாதிப் பேர் அதன் பெயரைக்கூடக் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள்.

அதற்கு முன்னால் நிறுவனத்தைப் பற்றிக் கொஞ்சம். வட ஐரோப்பாவில் ஒரு துறைமுக ஊரில், கப்பல் சாமான் விற்கிற கடைக்கு மேலே ஓர் அறையில், கணவன் மனைவி இருவர் தொடங்கியது இது என்று உங்களுக்குத் தெரியும். சென்னைக் கிளையை அவர்கள் திறந்தது கட்டடங்களை யோசிக்க அல்ல, வரைந்து கொடுக்க. அங்கே மாலையில் கிறுக்கி அனுப்புவார்கள். நாங்கள் காலையில் உட்கார்ந்து, அவர்கள் எழுந்திருக்கும் முன் சுத்தமாக வரைந்து முடிப்போம். வரைபடத்தின் மூலையில் ‘வரைந்தவர்’ என்று ஒரு சின்னக் கட்டம் இருக்கும். அதில் அங்கே இருக்கிறவரின் முதலெழுத்துகளைத்தான் போடுவோம். யாரும் அப்படிப் போடச் சொல்லவில்லை. நாங்களாகவே போட்டுக்கொண்டிருந்தோம்.

ஒருநாள், நிறுவனத்தைத் தொடங்கிய இருவரில் அந்த அம்மையார் தொலைபேசியில் கூப்பிட்டு, “இந்தப் படிக்கட்டை யார் வரைந்தது?” என்று கேட்டார். பிழை ஏதோ வந்துவிட்டது என்று பயந்துகொண்டே நான்தான் என்றேன். படிக்கட்டு நன்றாக வந்திருக்கிறது, ஆனால் கட்டத்தில் உன் பெயர் ஏன் இல்லை என்றார். அன்றிலிருந்து அவரவர் பெயரை அவரவர் போட வேண்டும் என்று உத்தரவு வந்தது. “பெயர் போட்டால் பிழையும் உங்களுடையதுதான்” என்றும் சொன்னார். அப்போது அதைச் சந்தோஷமாகத்தான் கேட்டுக்கொண்டேன்.

வியாழக்கிழமைக் கூட்டமும் அவர் ஏற்படுத்தியதே. நீங்கள் இன்றைக்கும் அதில் உட்காருகிறீர்கள். ஒருவர் தன் வரைபடத்தை எல்லாக் கிளைகளுக்கும் காட்ட வேண்டும். காட்டிவிட்டுப் பத்து நிமிஷம் வாயைத் திறக்கக் கூடாது. அந்தப் பத்து நிமிஷமும் மற்றவர்கள் பேசுவார்கள், யார் வேண்டுமானாலும் பேசலாம். வளைகுடாவில் ஒரு மருத்துவமனைக்காக நான் வரைந்த காத்திருப்புக் கூடத்தை அப்படி ஒரு வியாழனன்று மாட்டினேன். வெளிச்சம் பிரமாதம், நிழல் பிரமாதம் என்று எல்லாரும் சொன்னார்கள். சிங்கப்பூர் கிளையில் அட்டையிலும் மரத்திலும் கட்டட மாதிரிகள் செய்கிற ஒரு பெண்மணி மட்டும், “கூட வந்தவர்கள் எங்கே உட்கார்ந்து சாப்பிடுவார்கள்?” என்று கேட்டார். எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. அப்பாவை நாங்கள் அத்தா என்போம். அத்தாவுக்குக் காலில் அடிபட்டு ஆஸ்பத்திரியில் கிடந்த மாதங்களில், வராண்டாத் தரையில் தூக்குவாளியைத் திறந்து அம்மாவோடு சாப்பிட்டவள் நான். அதைத்தான் மறந்திருந்தேன். அந்தப் பெண்மணி தன் பெயரை எங்கும் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார், அதனால் எழுதவில்லை. என் வயதுதான் அவருக்கும்.

இனி நெய்வேலி.

என் அத்தா ஷேக் தாவூத், சுரங்கத்தில் எலக்ட்ரீஷியன். சொந்த ஊர் நெல்லிக்குப்பம். பெர்மனென்ட் ஆனதும் டவுன்ஷிப்பில் குவார்ட்டர்ஸ் கிடைத்தது. நான் பிறந்தது அந்த வீட்டில்தான். முன்னால் ஒரு வராண்டா, இரண்டு அறை, சமையல்கட்டு, பின்னால் தோட்டம். தோட்டத்தில் ஒரு பலா. எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். பக்கத்து வீட்டில் தனலட்சுமி இருந்தாள். என்னைவிட நான்கு மாதம் பெரியவள். தோட்டத்துச் சுவரில் ஒரு செங்கல் பெயர்ந்த இடம் உண்டு. பரீட்சைக் காலத்தில் அதன் வழியே நோட்டுப் புத்தகம் போகும், வரும். நோன்புக் கஞ்சியும் போகும், பொங்கலும் வரும்.

டவுன்ஷிப்பில் வளர்ந்தவர்களுக்கு ஒரு குறை உண்டு. அப்பாவின் சர்வீஸ் முடிகிற அன்றைக்கு ஊரும் முடிந்துவிடும். குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும், அதுதான் விதி, அதில் யாரையும் குறை சொல்ல இடமில்லை. அத்தா ரிட்டையர் ஆனபோது நான் அந்தத் துறைமுக ஊரில் இருந்தேன். படகுத்துறைக்கு வேலை நடந்துகொண்டிருந்தது. வர முடியாது என்று எழுதினேன். லீவு கேட்டிருந்தால் கொடுத்திருப்பார்கள், நான்தான் கேட்கவில்லை. அத்தாவும் அம்மாவும் நெல்லிக்குப்பத்தில் ஒரு வாடகை வீட்டுக்குப் போனார்கள். கடைசி வரைக்கும் அம்மா போனில் என்னிடம் கேட்ட கேள்வி ஒன்றுதான். “வூட்டுக்கு எப்பம்மா போறது?”

தனம் அங்கேயே தங்கினாள். அவளுடைய கணவரும் சுரங்கத்தில்தான் இருந்தார். அவர் சின்ன வயதிலேயே காய்ச்சலில் போய்விட, வாரிசு வேலையாக அவளுக்குக் கிளார்க் வேலை கிடைத்தது. அவள் பிறந்த அதே குவார்ட்டர்ஸ் எப்படியோ சுற்றி வந்து அவள் பெயருக்கே ஒதுக்கீடானது. ஒரே மகள், கட்டிக்கொடுத்தபின் பெங்களூரில். சென்னையிலிருந்து நான் எப்போதாவது போனால் தனம் வீட்டில்தான் தங்குவேன். சுவரின் இந்தப் பக்கம் படுத்துக்கொண்டு, அந்தப் பக்கம் யாரோ வேறு குடும்பம் பாத்திரம் கழுவுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பேன்.

என் ஓய்வுக்கு மூன்று வருஷம் இருந்தபோது, தண்டபாணி என்று ஒருவர் நம் அலுவலகத்துக்கு வந்தார். சுரங்கத்தில் ஷிப்ட் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். ரிட்டையர் ஆனவர்களும் ஆகப்போகிறவர்களுமாக எண்பத்து நான்கு பேர் சேர்ந்து ஒரு வீட்டுச் சங்கம் வைத்திருந்தார்கள். வடலூர் ரோட்டில் கொஞ்சம் நிலம் வாங்கியிருந்தார்கள். அவர் கையில் ஒரு நோட்டுத்தாள். அதில் ஸ்கேல் வைத்து, பென்சிலால், ஒரு குவார்ட்டர்ஸின் அமைப்பை வரைந்திருந்தார். வராண்டா, இரண்டு அறை, சமையல்கட்டு, தோட்டம்.

“எங்களுக்குப் புதுசா ஒண்ணும் வேணாம்மா” என்றார். “முப்பது வருஷம் இருந்த வூடு. அதையே திருப்பிக் கட்டிக் குடுங்க. நீங்க தாவூத் பாய் பொண்ணு. உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்ல.”

அந்தத் தாளை என் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டேன். உலகம் முழுக்க எத்தனையோ பேர் என்னிடம் கட்டடம் கேட்டிருக்கிறார்கள். நான் பிறந்த வீட்டை மறுபடி கட்டித் தரச் சொல்லி ஒருவரும் கேட்டதில்லை. சரி அண்ணே என்று உடனே சொன்னேன்.

அலுவலகத்தில் இதை ஒரு சின்ன வேலையாகத்தான் பதிவு செய்தார்கள். நான் அதை யாரிடமும் கொடுக்காமல் நானே வரைந்தேன். அளவெடுக்க எங்கும் போகவில்லை. வராண்டாவின் அகலம் என் காலுக்குத் தெரியும். சமையல்கட்டு ஜன்னலின் உயரம் அம்மாவின் தோளுயரம். வீடுகளை ஜோடி ஜோடியாக, நடுவே ஒரே சுவராக வைத்தேன். ஒவ்வொரு தோட்டத்திலும் ஒரு மரம் போட்டேன். அந்த மூன்று வாரம் போல் நான் சந்தோஷமாக இருந்ததே இல்லை. மூன்று வாரமும் அதை வியாழக்கிழமைக் கூட்டத்தில் வைக்கவில்லை. சின்ன வேலைதானே, மற்றவர்களுக்கு எதற்குத் தொந்தரவு என்று சொல்லிக்கொண்டேன். உண்மையில் அதை வேறு யாரும் தொடுவது எனக்குப் பிடிக்கவில்லை.

அந்த நிலத்தில் தோட்டத்தோடு தரைவீடு கட்டினால் ஐம்பத்திரண்டுதான் வரும். இரண்டாவது நாளே எனக்கு அது தெரிந்துவிட்டது. தண்டபாணியிடம் சொன்னேன்.

“பக்கத்துல முந்திரித் தோப்பு இருக்குதுல்ல, அத வாங்கிடலாம்மா. மீதிப் பேருக்கு அதுல கட்டலாம்” என்றார்.

இருவருமாகத் தோப்புக்காரரைப் பார்க்கப் போனோம். அவர் கொட்டை பொறுக்கிக்கொண்டிருந்தார். நாங்கள் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார்.

“எங்க தாத்தா நெலம் சுரங்கத்துக்குப் போச்சுங்க. அப்ப எழுந்து வந்து இங்க குந்துனோம்” என்றார். “இதயும் குடுத்துட்டு எங்க போயி குந்தறது? நீங்க எத்தினி தடவ வந்தாலும் இதாங்க பதிலு.”

திரும்பி வரும்போது தண்டபாணி, “போவப் போவ மனசு மாறுவாரு” என்றார். அவர் மாற மாட்டார் என்று எனக்குத் தெரிந்தது. ஆனாலும் தலையாட்டினேன்.

வடலூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் பொதுக்குழு. சிங்கப்பூரிலிருந்து செய்து வரவழைத்த மர மாதிரியை மேடைக்கு முன்னால் ஒரு மேஜையில் வைத்திருந்தேன். துணியை எடுத்ததும் மண்டபமே எழுந்து வந்தது. பெரிய பெரிய மெஷின் ஓட்டிய கைகள், கட்டைவிரல் அளவு வீடுகளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தன. ஒரு பெரியவர் தன் மனைவியைக் கூப்பிட்டு, “இங்க பாரு, நம்ம துணி காயப்போடுற எடம்” என்று காட்டினார். அந்த அம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நானும் அழுதேன். என் வேலையில் அப்படியொரு நாள் அதற்கு முன் வந்ததில்லை.

தனமும் வந்திருந்தாள். சங்கத்தில் தாமதமாகச் சேர்ந்தவள், அறுபத்தொன்றாம் நம்பர். வீடு ஒதுக்குவது சேர்ந்த வரிசைப்படி என்று சங்கத்தில் முடிவு செய்திருந்தார்கள். அவள் மாதிரியைத் தொடவில்லை. குனிந்து, விரலை நீட்டி, ஒவ்வொரு வீடாக எண்ணினாள். அலுவலகத்தில் முப்பது வருஷம் வருகைப் பதிவேடு பார்த்தவள்.

“அம்பத்திரண்டு இருக்குது” என்றாள் சத்தமாக. “நாம எண்பத்து நாலு பேரு. மீதி முப்பத்திரண்டு பேரு எங்க?”

மாதிரியைத் தொட்டுக்கொண்டிருந்தவர்கள் கையை எடுத்தார்கள். தண்டபாணி, “பக்கத்து நெலம் வருதும்மா, ரெண்டாங்கட்டம்” என்றார். தனம் அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

“ஷமீம், நீ சொல்லு. அந்த நெலம் வருமா?”

இளையவர்களே, நெருக்கடி என்றால் பாலம் ஆடுவதும் கூரை ஒழுகுவதும் என்று நினைப்பீர்கள். எனக்கு வந்த நெருக்கடி இந்த ஒரு கேள்விதான். பதில் சொல்ல எனக்கு இரண்டு நொடி இருந்தது. சுற்றி அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் நூறு முகங்கள். நடுவே என் வீடு.

“ரெண்டாங்கட்டத்துல வந்துரும் தனம்” என்றேன்.

கை தூக்கச் சொன்னார்கள். திட்டம் நிறைவேறியது. தனம் கை தூக்கவில்லை. அனுமதிக்கு வரைபடம் கொடுக்கப் பத்து நாள் இருந்தது.

வெளியே பஸ் நிறுத்தத்தில் அவளைப் பிடித்தேன். எதிர்வெயில் அவள் முகத்தில் அடித்தது. அவள் நகரவில்லை.

“எனக்கு அடுத்த வருஷம் சர்வீஸ் முடியுதுடி” என்றாள்.

“தெரியும்.”

“அந்த நெலம் வராதுன்னும் உனக்குத் தெரியும். சின்ன வயசுலேர்ந்து பாக்கறேன். பொய் சொன்னா மட்டுந்தான் நீ இவ்ளோ சீக்கிரமா பதில் சொல்லுவ.”

அவள் பஸ் வருகிற பக்கம் பார்த்தாள்.

“உங்கம்மா நெல்லிக்குப்பத்துல வாசல்லயே உக்காந்துகினு இருக்கும். யாரு வந்தாலும் கூட்டிகினு போவ வந்திருக்காங்கன்னு எழுந்திரிக்கும். மாசம் ஒரு தடவ நான் போயி பாத்தேன். நீ பாக்கல.” பஸ் வந்தது. “உங்கம்மாவுக்கு ஒரு வூடு கட்டிட்ட ஷமீம். அதுல யாரு இருக்கப் போறாங்கன்னு உனக்குக் கவலையில்ல” என்று சொல்லி ஏறிக்கொண்டாள்.

மறுநாள் வியாழன். மாதிரியின் படங்களையும் வரைபடங்களையும் கூட்டத்தில் வைத்தேன். வேலை முடிந்த பிறகு வைப்பது நம் வழக்கமில்லை என்று எல்லாருக்கும் தெரியும், யாரும் அதைச் சொல்லவில்லை. பத்து நிமிஷம் வாயை மூடி உட்கார்ந்தேன். முதல் ஐந்து நிமிஷம் பாராட்டு. இத்தனை வருஷத்தில் ஷமீம் வரைந்ததிலேயே இதுதான் சிறந்தது என்றார் ஒருவர். அந்தச் சிங்கப்பூர் பெண்மணி கடைசியில் பேசினார்.

“இதைச் செய்யும்போதே ஒன்று கேட்க நினைத்தேன். எல்லா வீடுகளும் ஒரே மாதிரி இருக்கின்றன. நீங்கள் அனுப்பிய வரைபடத்தில் ஒரு வீட்டின் சுவரில் மட்டும் ஒரு செங்கல் இல்லை. அது யார் வீடு?”

அதை வரைந்தது எனக்கே நினைவில்லை. கை தானாக வரைந்திருக்கிறது. பத்து நிமிஷம் முடிந்தது, பேசலாம் என்றார்கள். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். எண்பத்து நான்கு, ஐம்பத்திரண்டு, தோப்பு, தனம், இரண்டாங்கட்டம். திட்டுவார்கள் என்று எதிர்பார்த்தேன். அந்த அம்மையார் காலமாகி அப்போது சில வருஷம் ஆகியிருந்தது. அவர் இருந்திருந்தால் திட்டியிருப்பார். மற்றவர்கள் திட்டவில்லை. “எத்தனை நாள் இருக்கிறது?” என்று மட்டும் கேட்டார்கள்.

ஒன்பது நாள் இருந்தது. மூன்று கிளைகளும் உட்கார்ந்தன. ஆரம்ப காலத்தில் நாங்கள் அவர்களுக்குச் செய்தது போலவே, இப்போது நாங்கள் மாலையில் அனுப்பியதை அவர்கள் தங்கள் பகலில் முடித்து அனுப்பினார்கள். தரையோடு மூன்று நிலை. ஒவ்வொரு வீட்டுக்கும் முன்னால் கட்டில் போடுகிற அகலத்தில் திறந்த வராண்டா. சக்கர நாற்காலி ஏறுகிற சரிவு, ஒரு லிஃப்ட். தனித் தோட்டம் கிடையாது, நடுவே எல்லாருக்கும் ஒரே தோட்டம். எண்பத்து நான்கு வீடு. என் பலா மரங்களை ஒவ்வொன்றாக நானே அழித்தேன். அந்த வேலையை வேறு யாரிடமும் கொடுக்க மனம் வரவில்லை.

ஏழாம் நாள் தண்டபாணியின் வாடகை வீட்டுக்குப் போனேன். வரைபடத்தை விரித்துக் காட்டினேன். அவர் நீண்ட நேரம் பார்த்தார். சங்கத்தில் அவர் முதல் நம்பர். பழைய திட்டப்படி தரைவீடு அவருக்கு நிச்சயம்.

“மாடியில போயி சாவச் சொல்றீங்களா?” என்றார்.

“உங்களுக்குக் கீழ் வீடே வரலாம் அண்ணே. சீட்டுப் போட்டுத்தான் எடுக்கணும்.”

“அன்னிக்கு அத்தினி பேரு அழுதாங்க, பாத்தீங்கல்ல. அவங்ககிட்ட போயி இதக் காட்டச் சொல்றீங்க.”

“நான்தான் காட்டுவேன். நீங்க காட்ட வேணாம்.”

அவர் வரைபடத்தைச் சுருட்டி என்னிடமே கொடுத்தார். அவருடைய மனைவி கொண்டுவந்து வைத்த டீ ஆறிப்போனது. வாசல் வரைக்கும் வந்தவர், “உங்க அத்தா இருந்திருந்தா உங்களத் திட்டியிருப்பாரு” என்றார். எதற்காகத் திட்டியிருப்பார் என்று சொல்லவில்லை.

மறுபடி அதே மண்டபம். இந்த முறை மேஜையில் பழைய மாதிரியும் இருந்தது, அதன் பக்கத்தில் அவசரமாக அட்டையில் செய்த புது மாதிரியும் இருந்தது. முதல் வேலையாக, எழுதி வைத்திருந்ததை எடுத்து வாசித்தேன். போன கூட்டத்தில் தனலட்சுமி கேட்ட கேள்விக்கு நான் பொய் சொன்னேன். அந்த நிலம் வராது. அது எனக்கு அன்றே தெரியும். அந்த வீடு எனக்கு வேண்டியிருந்தது, அதனால் மறைத்தேன். இப்படித்தான் நான்கு வரி.

பிறகு சத்தம். ஐம்பத்திரண்டுக்குள் இருந்தவர்கள் எழுந்து கத்தினார்கள், அதற்கு வெளியே இருந்தவர்களும் கத்தினார்கள். சென்னையிலிருந்து வந்து ஊரை இரண்டாக்கிவிட்டீர்கள் என்றார் ஒருவர். அது நியாயம்தான். தனம் பின்வரிசையில் கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்க்கவில்லை.

கடைசியில் தண்டபாணி எழுந்தார். எனக்கு எதிராகத்தான் பேசப்போகிறார் என்று நினைத்தேன்.

“நான் பதினெட்டு வருஷம் ஃபோர்மேனா இருந்தவன்” என்றார். குரலை உயர்த்தவில்லை. “ஷிப்ட் முடிஞ்சா பஸ்ஸுல தலைய எண்ணுவேன். ஒருத்தன் கொறைஞ்சாலும் பஸ்ஸ எடுக்க வுட மாட்டேன். மழையா இருந்தாலும் சரி, பொங்கலா இருந்தாலும் சரி. அப்ப என்னைத் திட்டினவங்க இங்கயே நாலஞ்சு பேரு குந்திகினு இருக்காங்க. போன கூட்டத்துல முப்பத்திரண்டு பேர கீழ வுட்டுட்டு பஸ்ஸ எடுன்னு நானே சொல்லிட்டேன். நானே சொன்னேன்.” மேஜையில் இருந்த அட்டை மாதிரியைக் காட்டினார். “எனக்கு மாடின்னா பயந்தான். பரவால்ல. எண்ணிட்டு எடுங்க.”

கை தூக்கியவர்களை இரண்டு தடவை எண்ணினார்கள். குறைந்த வித்தியாசத்தில் புதுத் திட்டம் நிறைவேறியது. ஆறு பேர் சங்கத்தை விட்டு விலகினார்கள். அவர்களில் இரண்டு பேர் இன்றுவரை என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். பழைய மாதிரியை யாரோ கேட்டு வாங்கிக்கொண்டு போனார்கள். யார் என்று நான் விசாரிக்கவில்லை.

தனம் அதன் பிறகும் என்னிடம் பேசவில்லை. கட்டடம் எழும்பிய காலத்தில் சைட்டுக்கு வாரம் ஒருமுறை போனேன், அவள் வீட்டுக்குப் போகவில்லை. ரோட்டோர லாட்ஜில் தங்கினேன். பஸ் டவுன்ஷிப்பின் ஆர்ச் கேட்டைத் தாண்டும்போது, உள்ளே தெரிகிற மரங்களைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவேன். அவளுக்கு சர்வீஸ் முடிந்தது. கட்டடம் முடியவில்லை. வீட்டைக் காலி செய்யச் சில மாத அவகாசம் கேட்டு வாங்கியிருக்கிறாள் என்று தண்டபாணி சொன்னார்.

ஒரு காலையில் போன் வந்தது.

“நாளைக்குச் சாவி குடுக்கணும்” என்றாள் தனம். “பொண்ணுக்கு லீவு கெடைக்கல. நீ வரியா?”

அப்போது நிறுவனத்தின் எல்லாக் கிளைத் தலைவர்களும் சென்னைக்கு வந்திருந்தார்கள். எனக்குப் பிறகு யார் என்று முடிவு செய்கிற கூட்டம். நான் வரவில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டு முதல் பஸ்ஸைப் பிடித்தேன்.

சாமான்கள் முந்தைய நாளே வண்டியில் போயிருந்தன. வெறும் வீட்டை இருவருமாகக் கூட்டிக் கழுவினோம். அவள் தண்ணீர் ஊற்றினாள், நான் தள்ளினேன். சமையல்கட்டுச் சுவரில் அவளுடைய மகளின் உயரத்தைக் குறித்த பென்சில் கோடுகள் இருந்தன. அதன் மேல் மட்டும் தண்ணீர் படாமல் பார்த்துக்கொண்டோம். தோட்டத்துச் சுவரில் அந்த ஓட்டையை எப்போதோ பூசி அடைத்துவிட்டிருந்தார்கள். வெள்ளையடித்து வெள்ளையடித்து இடமே தெரியவில்லை. இருவரும் தடவித் தடவிப் பார்த்தோம், கண்டுபிடிக்க முடியவில்லை.

“உங்கம்மா காலி பண்ணறப்ப நாந்தான் தண்ணி ஊத்தினேன்” என்றாள். “உங்கத்தா தள்ளினாரு.”

ஆபீசில் சாவியைக் கொடுத்தோம். மேஜையில் இருந்தவர் ஒரு பதிவேட்டில் எழுதிக்கொண்டு, கையெழுத்து வாங்கிக்கொண்டு, சரிங்கம்மா என்றார். அவ்வளவுதான். வெளியே வந்து ஒரு மரத்தடியில் நின்று அவள் அழுதாள். நானும் அழுதேன். நான் எதற்கு அழுகிறேன் என்று அவளுக்குத் தெரியும்.

புதுக் கட்டடத்தில் சீட்டுக் குலுக்கியபோது தண்டபாணிக்கு முதல் மாடி விழுந்தது. கீழ்வீடு கிடைத்த ஒருவர் மாற்றிக்கொள்ள முன்வந்தார். வேண்டாம் என்றுவிட்டார். லிஃப்ட்டில் இன்றைக்கும் ஏறுவதில்லை, படிக்கட்டில் நின்று நின்றுதான் போகிறார். தனத்துக்குக் கடைசி நிலை, கிழக்கு மூலை. சங்கத்தில் நான் உறுப்பினர் இல்லை என்பதால் எனக்கு அங்கே வீடு கிடையாது. ஓய்வுக்குப் பின் வடலூரில் வாடகைக்கு இருக்கிறேன்.

அந்தக் கட்டடம் பெரிய அழகில்லை. ஒன்பது நாளில் யோசித்தது. வராண்டாவில் சாரல் அடிக்கிறது. நடுத் தோட்டத்தில் யார் கீரை போடுவது என்று சண்டை வருகிறது. பழைய மாதிரியில் இருந்த வீடுகளை நான் இன்னும் கனவில் காண்கிறேன். விழித்த பிறகும் கொஞ்ச நேரம் அந்த வராண்டாவில்தான் இருக்கிறேன். சொந்த ஆசை வேலைக்குள் வரவே கூடாது என்று உங்களுக்குச் சொல்ல மாட்டேன். அது இல்லாமல் ஒரு படிக்கட்டும் நன்றாக வராது. ஆனால் எந்த வேலையை மற்றவர் கண்ணில் காட்டப் பிடிக்கவில்லையோ, அதை முதல் வியாழனே கொண்டுபோய் மாட்டுங்கள். இதைத் தவிர உங்களுக்குச் சொல்லப் புத்திமதி என்னிடம் இல்லை.

போன வாரம் தனத்தின் வீட்டுக்குப் போயிருந்தேன். மழை விட்டு வெளிச்சம் வந்திருந்தது. வராண்டாவில் நின்றுகொண்டு துணி உலர்த்திக்கொண்டிருந்தவள், திடீரென்று என் கையைப் பிடித்து இழுத்தாள்.

“அங்க பாரு. அந்தத் தண்ணி டேங்க் தெரியுதா? அதுக்கு இந்தப் பக்கம், ரெண்டு பெரிய மரம். அதுக்கு நடுவுல.”

தோப்பைத் தாண்டி, ரோட்டைத் தாண்டிப் பார்த்தேன். வெகுதூரத்தில், பச்சைக்கு நடுவே, மழையில் நனைந்து கறுத்த கூரைகளின் ஒரு வரிசை.

“நம்ம பிளாக்கா?”

“நம்ம பிளாக்குதான். வந்த அன்னிலேர்ந்து பாத்துகினு இருக்கேன். மழ பேஞ்சா மட்டுந்தான் இவ்ளோ பளிச்சுன்னு தெரியும்.”

எந்தக் கூரை எங்களுடையது என்று அந்தத் தொலைவில் சொல்ல முடியாது. அவள் ஒன்றைக் காட்டினாள், நான் வேறொன்றைக் காட்டினேன்.

“ஏன்டி” என்றாள். “மொதல்ல நீ போட்டியே, அந்தத் தரைவூடு. அதுலேர்ந்து பாத்திருந்தா இது தெரிஞ்சிருக்குமா?”

“தெரிஞ்சிருக்காது. தோப்பு மறைச்சிருக்கும்.”

தனம் ஈரத் துணியை உதறிக் கொடியில் போட்டாள்.

“அப்ப சரி” என்றாள்.